பெல்விக் துரையின் மெட்ராஸ் கிளை

இந்த ஊரில் யாராவது என் பெயரைக் கூப்பிட்டால் நான் எழுந்து நிற்பேன், கூப்பிட்டவர் என் தலைக்கு மேலே பார்ப்பார். பல் டாக்டரிடம் போனாலும் சரி, பேங்க்கில் உட்கார்ந்திருந்தாலும் சரி, இதே கூத்துதான். "மிஸஸ் பெல்விக்?" என்று வரவேற்பறைப் பெண் குரல் கொடுப்பாள். நான் போய் எதிரே நிற்பேன். "ஒரு நிமிஷம் லவ், அந்த மிஸஸ் பெல்விக்கை அனுப்பிட்டு உன்னைக் கவனிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு (இந்த ஊரில் யாரும் யாருக்கும் 'லவ்'தான்), எனக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரி வருவாள் என்று நம்பி மறுபடியும் உரக்கக் கூப்பிடுவாள். நான்தான் அது என்றால் முதலில் மன்னிப்பு, அப்புறம் அசட்டுச் சிரிப்பு, அப்புறம் கேள்வி: வீட்டுக்காரர் இங்கிலீஷ்காரரா? வீட்டுக்காரருக்குச் சூளைமேடு, பெயர் அந்தோணி, பெல்விக் என்பது என் அப்பா பெயர் என்று விளக்குவதற்குள் எனக்குப் பல்வலியே போய்விடும்.

வடக்கு இங்கிலாந்தில் மழை ஓயாத ஓர் ஊரில் பல வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் எலும்பு வார்டுக்கு இடுப்பு மூட்டு மாற்றிக்கொள்ள ஒரு பெரியவர் வந்தார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் நெஞ்சிலிருந்த பெயர் அட்டையைப் பார்த்து, "இது உனக்கு எங்கே கிடைத்தது?" என்றார். "கீழே ஆபீஸில் கொடுத்தார்கள்" என்றேன். அவர் அட்டையைக் கேட்கவில்லை, பெயரைக் கேட்டார். அவருடைய பெயர் கோர்டன் பெல்விக். உலகத்தில் எத்தனை பெல்விக்குகள் உண்டோ அத்தனை பேரையும் தேடிப்பிடித்து வம்சப் படம் வரைவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. அந்தப் படத்தின் ஓர் ஓரத்தில், மெட்ராஸ் துறைமுக வேலைக்குப் போய்த் திரும்பி வராத ஆர்தர் பெல்விக் என்ற ஒரு ஆளுக்குக் கீழே வெறும் கேள்விக்குறி போட்டிருந்தது. அதைக் கேட்டதும் கையிலிருந்த ஊசியை வைத்துவிட்டு, அதைப் போட இன்னொரு நர்ஸை அனுப்பினேன்.

ஏனென்றால் அந்தத் துரையின் கதையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. தி.நகர் பாண்டி பஜாரில் 'பெல்விக் டைலர்ஸ்' எங்கள் கடை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கோட் அளவு கொடுக்க வந்து அகப்பட்ட எந்த மனுஷனையும் நைனா சும்மா விட்டதில்லை. இன்ச் டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்: "என் தாத்தா தொரை சார். ஹார்பர்ல வேலை. சாந்தோம் பக்கத்துப் பொண்ண கோயில்ல வெச்சு முறையா கட்டிகினாரு. காலரால பூட்டாரு. எங்கப்பாவுக்கு அவரு வுட்டுட்டுப் போனது ஒரு கோட்டு. அத்தப் பிரிச்சுப் பாத்துதான் எங்கப்பா தொழில் கத்துகினாரு." நைனா கறுப்பு. தெருவில் பையன்கள், "தொர வராருடோய்!" என்று கிண்டல் செய்வார்கள். அவர் அதையும் மரியாதையாகவே எடுத்துக்கொண்டு தலையை ஆட்டிவிட்டுப் போவார். பெரியவர்கள் பேச்சு அவ்வளவு நல்லதாக இருக்காது. முறையாகக் கட்டினானா, சும்மா வைத்திருந்தானா என்று காதுபடவே பேசுவார்கள். அப்படிப் பேசியவருக்கு நைனா அதற்கப்புறம் துணி தைத்துக் கொடுத்ததில்லை.

கோர்டனிடம் ஒரு வழி இருந்தது. ஆணின் உடம்பில் அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்கும் ஒரு குரோமோசோம் உண்டு. டிஎன்ஏ சோதனையில் அதை ஒப்பிட்டால், தலைமுறை எத்தனை தாண்டியிருந்தாலும் ஒரே ஆண்வழியா இல்லையா என்று தெரிந்துவிடும். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் தெரிந்தவர் ஒருவரிடம் நான்கு ஊர்களிலிருந்து நான்கு பெல்விக்குகள் தங்கள் எச்சில் மாதிரியைக் கொடுத்திருந்தார்கள். நாலும் ஒன்றேதான். "உங்கள் வீட்டு ஆண் ஒருவர் கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தடவி அனுப்பினால் போதும்" என்றார் கோர்டன். பெண்ணாகப் பிறந்த எனக்கு அந்தக் குரோமோசோம் கிடையாது. மயிலாப்பூருக்குப் போன் போட்டேன்.

நைனா சந்தோஷத்தில் தெருவையே கூட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். "அதெல்லாம் வாணாம்மா" என்றார். ஏன் என்றேன். "வாணாம்னா வாணாம். வேற பேசு." வயசாகிவிட்டது, பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணன் லாரன்ஸ் அன்றைக்கே கடையிலிருந்து என்னைக் கூப்பிட்டான். என்னைவிட மூன்று வயது பெரியவன், நைனாவுக்கு அப்புறம் கடையை நடத்துகிறவன். "நைனா கெடக்கறாரு. எனக்கு அனுப்பு ஸ்டெல்லா, நான் தரேன். ரிசல்ட்டு வந்தவுடனே ஃப்ரேம் போட்டு மாட்டி அவருக்கு சர்ப்ரைஸ் குடுப்போம்" என்றான். கடை முகவரிக்கு அனுப்பினேன். தடவி அனுப்பினான். இந்த அவசரக்குடுக்கைத்தனத்துக்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

நவம்பர் கடைசியில் கோர்டன் ஊன்றுகோலோடு என் வீட்டுக்கு வந்தார், கையில் கேக். இந்த ஊரில் கெட்ட சேதிக்கும் கேக்தான் கொண்டுவருகிறார்கள். பொருந்தவில்லை என்றார். ஒன்று, பெல்விக் என்ற பெயர் மட்டும் எங்களுக்கு எப்படியோ வந்திருக்க வேண்டும். அல்லது நடுவில் ஏதோ ஒரு தலைமுறையில் ஆண்வழி அறுந்திருக்க வேண்டும். அப்பாவின் மாதிரியும் கிடைத்தால் எது என்று தெரிந்துவிடும். "உனக்குச் சிரமம் வேண்டாமென்று உன் அண்ணனுக்கே விவரமாக எழுதி, அப்பாவுக்கான பஞ்சுக்குச்சியையும் வைத்துத் தபாலில் போட்டுவிட்டேன்" என்றார். நல்ல மனுஷன், உதவி செய்ததாக நினைத்தார். எனக்கு அப்போதிருந்த பயமெல்லாம் ஒன்றுதான்: துரை கதை பொய் என்று தெரிந்தால் நைனாவின் நெஞ்சு தாங்குமா. கிறிஸ்துமஸ் லீவுக்கு ஏற்கெனவே டிக்கெட் போட்டிருந்தேன். நேரில் பக்குவமாகச் சொல்லலாம் என்று கிளம்பினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கடிதம் வந்திருக்கவில்லை. பண்டிகை நெரிசலில் எங்கேயோ சிக்கிக்கொண்டிருந்தது. அண்ணன் கடைக்குப் போனதும் நைனாவையும் அம்மாவையும் உட்காரவைத்துச் சொன்னேன். லாரன்ஸ் எச்சில் மாதிரியைக் கொடுத்துவிட்டான் என்ற இடத்திலேயே அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பொருந்தலன்னா துரை கதை பொய்னு அர்த்தமில்ல நைனா, நடுவுல..." என்று நான் இழுத்தேன்.

"எப்படிடி பொருந்தும்?" என்றாள் அம்மா. "அவன் நம்ம ரெஜினா பெத்த புள்ளடி."

ரெஜினா அம்மாவின் தங்கை, செங்கல்பட்டுச் சின்னம்மா. எனக்கு முதலில் மண்டையில் ஏறவில்லை. கல்யாணமாகி ஏழு வருஷம் அம்மாவுக்குப் பிள்ளையில்லை. சின்னம்மா தன் நாலாவது பிள்ளையை, தொப்புள் கூடக் காயாத குழந்தையை, அக்கா மடியில் போட்டுவிட்டாள். ஞானஸ்நானப் பதிவில் நைனா பெயர், அம்மா பெயர். மூன்று வருஷம் கழித்து நான் பிறந்தேன். சொந்தக்காரர்களில் பெரியவர்கள் அத்தனை பேருக்கும் தெரியுமாம். நாற்பது வருஷமாக ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. "பெத்தவ நான்னு தெரிஞ்சா ரெண்டு வூட்லயும் அவன் அரைப் புள்ளையா பூடுவான்னு ரெஜினா என்கிட்ட சத்தியம் வாங்கிகினா" என்றாள் அம்மா.

"இப்ப சொன்னாத்தான் என்ன? அண்ணன் சின்னப் புள்ளையா?" என்றேன். ஆறு வருஷம் இங்கிலாந்தில் இருந்த வாய் அது. அங்கே எல்லோருக்கும் உண்மை தெரிந்தாக வேண்டும், தெரிந்துகொண்டு அழுவதற்குத் தனியாக டாக்டரும் உண்டு.

நைனா என்னை நிமிர்ந்து பார்த்தார். "ரெஜினா அடக்கத்துக்கு நீயும்தானே வந்த. அன்னிக்கு அவன் இன்னா பண்ணான்?"

எனக்கு ஞாபகம் இருந்தது. நான் வெளிநாடு போவதற்கு முந்தின வருஷம். கடையில் கல்யாண ஆர்டர். குழியில் மண் போடும்போது அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "அஞ்சரை பஸ்ஸ வுட்டா பேஜாரு, கெளம்பலாமா?" என்று என் காதில் கேட்டான். சின்னம்மாவின் மற்றப் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தார்கள்.

"பெத்தவ அடக்கத்துல மணி பாத்துகினு நின்னவன்கிட்ட போயி, அது உங்கம்மாடான்னு சொல்லச் சொல்றியா? அப்பால அவன் எப்படித் தூங்குவான்?" என்றார் நைனா.

மறுநாளிலிருந்து, ரிட்டையராகி வீட்டோடு இருந்த நைனா, காலை பத்து மணிக்கே பாண்டி பஜார் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நானும் கூடப் போனேன். தபால்காரர் பதினொன்றரைக்கு வருவார். அவர் சைக்கிள் திரும்பும்போதே நைனா எழுந்து இறங்கிவிடுவார். வாழ்த்து அட்டைகள், கரண்ட் பில், அவ்வளவுதான். நாங்கள் மூச்சு விடுவோம். அண்ணனுக்கு ஒரே குஷி. "நைனா ஃபார்முக்கு வந்துட்டாரு பார்த்தியா! டீ சொல்லவா நைனா?" என்று அவன் கேட்கும்போதெல்லாம் நான் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான்கு நாள் இப்படிப் போனது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலைத் தபாலிலும் ஒன்றுமில்லை. பண்டிகை முடியும்வரை இனி வராது என்று நம்பிக்கொண்டு, கூட்டம் தாங்காமல் நைனாவே உள்ளே போய் ஒரு மாப்பிள்ளைக்குக் கோட் ட்ரையல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காஜா எடுக்கிறவர்களுக்குத் துணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு ஸ்பெஷலாக இன்னொரு தபால் வரும் என்று யாருக்குத் தெரியும்? நான் திரும்பிப் பார்த்தபோது அண்ணன் கையில் ராணி தலை போட்ட உறை, பிரித்தாகிவிட்டது.

"என்கிட்ட குடுண்ணா, நான் படிச்சுச் சொல்றேன்" என்று ஓடினேன்.

"இரு, எனக்கும் இங்கிலீசு வரும்." உதட்டை அசைத்து அசைத்துப் படித்தான். முகம் சுருங்கியது. "மேட்ச் ஆவலயாமே! இன்னாது இது? நைனாவோடது அனுப்பினா எங்க தப்புன்னு தெரியுமாம்." உறையைக் கவிழ்த்தான். பஞ்சுக்குச்சி இருந்த பிளாஸ்டிக் குழாய் விழுந்தது. அடுத்த நிமிஷம் மூடியைத் திருகிக்கொண்டு உள்ளே போய்விட்டான். "நைனா, உனக்குத் தெரியாம ஒரு வேலை செஞ்சேன், திட்டாத. வெள்ளைக்காரன் நம்மள இல்லைன்றான். வாயத் தொற, ரெண்டு செகண்டு. உன்னுத அனுப்பி அவன் மூக்க உடைப்போம்."

ஒற்றைக் கை தைத்த கோட்டோடு மாப்பிள்ளை கையை விரித்தபடி நின்றான். நைனா உதட்டில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோட்டின் மடிப்பில் குத்தினார். என்னை ஒருமுறை பார்த்தார். நான் மாதாவை வேண்டிக்கொண்டேன்.

"அது பொய்டா" என்றார்.

"எது?"

"தொரை கதை. என் தாத்தா தொரையில்ல. தொரைக்கு பட்லரு. தொரை பூட்டப்போ கோட்டையும் தூக்கிகினான், பேரையும் தூக்கிகினான். எங்கப்பா சாவும்போது சொன்னாரு. அதான் வாணாம் வாணாம்னு தலபாடா அடிச்சுகினேன்."

மெஷின்கள் நின்றுவிட்டன. அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நாப்பது வருசமா பீலா வுட்டுகினு இருந்தியா? வர்ற கஸ்டமர்கிட்டல்லாம்? என் புள்ளைங்க ஸ்கூல்ல சொல்லிகினு திரியுதுங்களேய்யா!" என்று கத்தினான். நைனாவை அவன் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. பஞ்சுக்குச்சியை உடைத்துத் தெருவில் வீசினான். நைனா, "ஆமாண்டா, பீலாதான்" என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளையின் தோளில் சாக்குக் கட்டியால் கோடு போட ஆரம்பித்தார். கோடு கோணிக்கொண்டு போனது.

அன்று ராத்திரி கோயிலுக்குக் கிறிஸ்துமஸ் பூசைக்கு எல்லோரும் ஒன்றாகத்தான் போனோம். அண்ணன் நைனாவோடு பேசவில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஏணியைக் கொண்டுவந்து, பாண்டி பஜார் சனம் வேடிக்கை பார்க்க, 'பெல்விக் டைலர்ஸ்' போர்டைக் கழற்றினான். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நைனா. "எடது பக்க ஸ்குரு துருப் புடிச்சிருக்கும், எண்ணெ வுட்டுத் திருப்பு. பாத்துடா, வுழுந்துடாத" என்று கீழேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். அண்ணன் திரும்பிப் பார்க்காமலே எண்ணெய் விட்டான். வீடு திரும்பும்போது, "உண்மையைத் தெரிஞ்சிக்கணும்னு உங்களுக்கு ஆசையில்லையா நைனா?" என்று கேட்டேன். "எனக்குத்தான் தெரியுமே" என்றார்.

லீவு முடிந்து வந்துவிட்டேன். கடைக்கு இப்போது 'லாரன்ஸ் டைலர்ஸ்' என்று பெயர். மார்ச்சில் கோர்டன் என்னைச் சாயங்காலம் தேநீருக்குக் கூப்பிட்டார். அண்ணன் அவருக்கு எழுதியிருந்தான்: எங்கள் முன்னோர் துரையின் பட்லர், சிரமம் கொடுத்ததற்கு மன்னிக்கவும். மேசை மேல் வம்சப் படம் விரித்திருந்தது. எங்கள் ரிசல்ட் வருமுன்பே, ஆசையில், ஆர்தருக்குக் கீழே நைனாவின் அப்பா, நைனா, லாரன்ஸ், நான் என்று நான்கு பெயரையும் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். "உனக்கு வருத்தமில்லையே?" என்று கேட்டு ரப்பரை எடுத்தார். இந்த ஆர்தரின் வாரிசுகள்தான் நாங்கள், என் நைனா சொன்ன துரை கதையில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று அந்த வீடு அதிரக் கத்த வேண்டும் போலிருந்தது. லாரன்ஸ் பெயர் முதலில் போனது, அடுத்தது என் பெயர். பழைய காகிதம், நைனா பெயருக்கு வரும்போது ரப்பரோடு சுருண்டு எழும்பியது. "கொஞ்சம் பிடித்துக்கொள்கிறாயா?" என்றார் கோர்டன். கிழிந்துவிடாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.