கல் என்று கத்தினேன்

ஃபுஜைரா பக்கம் மலையை வெட்டி ரோடு போட்டுக்கொண்டிருந்தோம். கீழே ஆள் இறங்குமுன் சரிவு நிற்குமா, வருமா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. படித்து வந்ததில்லை, பார்த்துப் பழகியது. வெடிப்புகளின் குறுக்கே சிவப்பு பெயிண்டில் கோடு இழுத்திருப்போம். கோடு விலகியிருந்தால் பாறை நகர்ந்திருக்கிறது. கம்பியால் தட்டி, பொக்கென்று சத்தம் வந்தால் அந்த இடம் ஆகாது. ரோட்டில் புதுச் சில்லுகள் கிடந்தால் மேலே ஏதோ கழன்றிருக்கிறது.

அன்றைக்கு முந்தின நாள் மழை. கோடுகள் சரியாக இருந்தன. மூன்றாவது வெடிப்பில் மட்டும் தண்ணீர் கசிந்தது. ஃபோர்மேனிடம் சொன்னேன். ராமநாதபுரத்துக்காரர்.

"அரை மணி வேலதான்டா. நீ மேல கண்ண வச்சிக்கிட்டே நில்லு. விசில் இருக்குல்ல?"

"இருக்குண்ணே."

இல்லை. மழையில் நனைந்த சட்டையின் பையில், முவைலாவில் நாங்கள் தங்கும் ரூமில் கொடியில் தொங்கியது. சொன்னால் திட்டுவார். அரை மணிதானே, கத்திக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

கீழே மூன்று பேர் கால்வாய் தோண்டினார்கள். இரண்டு பேர் தமிழ் ஆட்கள். ஒருவன் பீகார்க்காரன், ரூமில் எனக்குக் கீழ்க்கட்டில். லீவு முடிந்து நான் நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தான். அன்று காலை வண்டியிலும் கேட்டான், அச்சார் எப்போது என்று. "கல்" என்றேன். இந்தியில் நாளைக்கு. தினமும் அதையே சொல்வேன். வண்டியில் எல்லோரும் சிரிப்பார்கள்.

கால் மணி ஆகியிருக்கும். மூன்றாவது வெடிப்பின் கீழே சில்லுகள் உருண்டன. நான் பார்க்கும்போதே சிவப்புக் கோடு இரண்டாகப் போனது.

"கல்! கல்!"

தமிழ் ஆட்கள் ஓடிவிட்டார்கள். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். சிரித்தான். "ஹா பாய், கல், கல்" என்று கையை ஆட்டிவிட்டுத் திரும்பக் குனிந்தான்.

பாறை விழுந்தது அவன் வலது காலில், முட்டிக்குக் கீழே.

கல்லுக்கு இந்தியில் பத்தர். எத்தனையோ வருஷமாகச் சொல்லும் வார்த்தை. அப்போது வாயில் வரவில்லை.

ரிப்போர்ட்டில் விசில் ஊதியதாக எழுதியிருந்தது. கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன்.

ஊறுகாய் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு பக்கம் போர்வை தட்டையாகக் கிடந்தது. பாட்டிலைப் பார்த்ததும் சிரித்தான்.

"துமாரா கல் ஆ கயா, பாய்."

உன் நாளைக்கு வந்துவிட்டதே என்கிறான். அன்றைக்கு நான் கத்தியதையும் விளையாட்டு என்றுதான் நினைத்திருக்கிறான். விசில் ஏன் கேட்கவில்லை என்று அவன் கேட்கவே இல்லை. தமிழில் கல் என்றால் என்ன என்று சொல்லத்தான் போயிருந்தேன். பாட்டில் மூடி இறுகியிருந்தது. திறந்து கொடுத்தேன். விரலால் தொட்டு நக்கிவிட்டு, காரம் அதிகம் என்றான்.

ஆமாம் என்றேன்.