சகாயமேரி கேட்ட ரத்தம்

கருங்குழியிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் பேருந்து படாளத்தைத் தாண்டும்போது மகள் கலைவாணி போன் செய்தாள். "நைனா, சகாயமேரி மேடம் பூட்டாங்க. காலைல நெஞ்சுவலி." செங்கல்பட்டில் இறங்கி மாமல்லபுரம் பேருந்தைப் பிடித்தேன். கடலோரத்துக் குப்பம் ஒன்றுதான் அவருடைய ஊர். நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டியை மூடிவிட்டிருந்தார்கள்.

அவரிடம் போன குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். அவர் வேலை பார்த்த குழந்தைப்பேறு மருத்துவமனையின் சுவர் முழுக்கக் குழந்தைகளின் படங்கள். நன்றியெல்லாம் டாக்டருக்கு. டாக்டருக்கும் குடும்பங்களுக்கும் நடுவில் உட்கார்ந்து, எந்த நோய் எந்த வழியாக இறங்கும் என்று நம்மைப் போன்றவர்களுக்குப் புரியவைத்தவர் சகாயமேரி. அவருக்காக அங்கே ஒரு மாலை கூடப் போடவில்லை என்று கேள்விப்பட்டேன். எனக்கு அதில் கோபம் உண்டு.

என் மகளை என் மனைவியின் தம்பி பெருமாளுக்கே கொடுத்தேன். அவர்களுக்குப் பிறந்த முதல் பையனுக்கு உடம்பில் ரத்தம் ஊறவில்லை. மாதாமாதம் ஏற்றினோம். பள்ளிக்கூடம் சேர்க்கும் வயதில் இறந்துபோனான். சொந்தத்தில் கொடுத்ததால் வந்த வினை என்று ஊரே பேசியது. எங்கள் பக்கம் தலைமுறை தலைமுறையாகத் தாய்மாமனுக்குக் கொடுத்துத்தான் வாழ்ந்திருக்கிறோம். தவறு செய்தேன் என்று அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லமாட்டேன்.

அடுத்த குழந்தைக்கு அந்த நோய் வராமலிருக்க, கருவை வெளியே வளர்த்து, சோதித்து, நல்லதைப் பார்த்து வயிற்றில் வைக்கலாம் என்றார்கள். அதற்குக் குடும்பத்தாரின் ரத்தமும் வேண்டும்; யாரிடமிருந்து எது வந்தது என்று தெரிந்தால்தான் கருவில் தேட முடியுமாம். பெருமாள் வீட்டில் கொடுத்துவிட்டார்கள். என் மனைவி அதற்கு முன்பே காலமாகிவிட்டாள். மீதி இருந்தது நான். மறுத்துவிட்டேன்.

சகாயமேரி வீடு தேடி வந்தார். "இன்னாய்யா, ஊசிக்குப் பயமா?" என்றார்.

"பயம் இல்லம்மா. என் ரத்தம் சுத்தம்னு வந்தா, செத்தவ தலையிலதானே போடுவீங்க? அவளால பதில் சொல்ல முடியாது."

அவர் அதை மறுக்கவில்லை. "ஆமா. அப்படித்தான் ஆவும்" என்றார். எனக்கு எரிச்சலாகிவிட்டது. உனக்கு எத்தனை பிள்ளைகள் என்று குத்தலாகக் கேட்டேன். "ஒண்ணும் இல்ல. அதான் உங்க வூட்டு வாசல்ல உட்கார்ந்துகினு சண்டை போட நேரம் கீது" என்றார். உள்ளேயிருந்து கலைவாணி சிரித்த சத்தம் கேட்டது. பையன் போன பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. மறுநாள் போய்க் கையை நீட்டினேன். முடிவை என்னிடம் சொல்லக்கூடாது என்று நிபந்தனை போட்டேன். கடைசிவரை அவர் சொல்லவில்லை.

சோதனையில் தேறியவை இரண்டு கருக்கள். ஒன்றில் நோயின் தடமே இல்லை. அதை முதலில் வைத்தார்கள், தங்கவில்லை. கலைவாணி பல நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு சகாயமேரி எங்கள் மூவரையும் தன் அறைக்கு அழைத்தார்.

"மீதி ஒண்ணு கீது. அதுக்கு அந்த நோய் வராது. தாய்கிட்டருந்து ஒரு பங்கு, தகப்பன்கிட்டருந்து ஒரு பங்குன்னு ரெண்டும் சேர்ந்தாத்தான் நோய். ஆனா ஒரு பங்கு அதுகிட்ட இருக்கும். கலை, பெருமாள், உங்க ரெண்டு பேர்கிட்ட இருக்கிற மாதிரியே."

பெருமாள் உடனே சொன்னான்: "குறையோட எதுக்கு மேடம்? அத்த விட்டுட்டு முதல்லருந்து பண்ணலாம்."

முதலிலிருந்து என்றால் மறுபடியும் அத்தனை ஊசிகள், மயக்க மருந்து, காத்திருப்பு. கலைவாணி தலையைக் குனிந்துகொண்டாள். என்னால் பொறுக்கமுடியவில்லை.

"டேய், உங்க அக்கா இன்னாடா குறையோட இருந்தா? கொஞ்சம் வெளுத்தே இருப்பா, அவ்வளவுதான். நாத்து நட்டா, ரெண்டு மாடு பார்த்தா, உன்னையும் இடுப்புல தூக்கிகினு திரிஞ்சா. அவகிட்டயும் அந்த ஒரு பங்கு இருந்திருக்கும். எனக்கு எந்த ரிப்போர்ட்டும் வேணாம். இத்த வேணான்னு சொன்னா அவளை வேணான்னு சொன்ன மாதிரி."

யாரும் சொல்லக்கூடாது என்று நான் காத்துவந்ததை நானே சொல்லியிருந்தேன். சகாயமேரி என்னைப் பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "நீங்க ரெண்டு பேரும் பேசினது போதும். கலை, உன் உடம்பு. நீ சொல்லு" என்றார். பெருமாள் இருமினான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சகாயமேரி என் முன்னால் கையை நீட்டித் தடுத்தார். "வைங்க மேடம்" என்றாள் மகள்.

வெளியே வந்ததும் அவரிடம் கேட்டேன்: "நான் பேசினது சரிதானேம்மா?"

"நீங்க பேசினது உங்க சம்சாரத்துக்காகய்யா. கலைக்காக இல்ல."

அந்த வார்த்தை இன்னும் உறுத்துகிறது. இரண்டு பேருக்காகவும்தான் பேசினேன் என்பது என் வாதம். அதை ஒருநாள் அவரிடம் சொல்லித் தீர்க்க நினைத்திருந்தேன். இனி யாரிடம் சொல்வது?

குழந்தை பிறந்தது. பெண். பார்க்க வந்த சகாயமேரி அவளைத் தூக்கவில்லை. கீழிமையை லேசாக இழுத்து நிறம் பார்த்தார். பிறகு எங்களிடம் சொன்னார்: "இவ கல்யாணத்துக்கு முன்னாடி இதை இவளுக்குச் சொல்லணும். கட்டிக்கப்போறவனும் ரத்தம் குடுத்துப் பார்க்கணும், சொந்தமோ அசலோ. பயப்படுத்தாம சொல்லணும், மறைக்காமலும் சொல்லணும். உங்களுக்கு வராது. நானே வந்து சொல்றேன்."

அவர் வருவார் என்று நம்பியிருந்தோம். நான் அவரைவிட மூத்தவன். எனக்குப் பிறகு அவர் பார்த்துக்கொள்வார் என்று நிம்மதியாக இருந்தேன். இப்போது அவரைக் கடலோர மணலில் புதைத்துவிட்டு வந்திருக்கிறேன். கலைவாணி சொல்லத் தொடங்கினால் அழுதுவிடுவாள். பெருமாள் குறை என்றுதான் தொடங்குவான்.

பேத்திக்கு இன்னும் செருப்பைச் சரியாக மாட்டத் தெரியவில்லை. எனக்கு மூட்டுவலி, சர்க்கரை, எல்லாம் இருக்கிறது. போதும் என்று பலமுறை தோன்றிய உடம்பு. சகாயமேரி செய்ய வேண்டிய ஒரு வேலை என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதைச் சொல்லி முடிக்கும்வரை நான் இருந்தாக வேண்டும்.