மூன்று பேர் கொண்ட துறை

ஒரு விஷயம் உலகத்தில் ஒருத்திக்கு மட்டுமே தெரியும் என்றால், அவளுக்கு அது தெரியும் என்று யார் சொல்வது?

ஷுஷானிக் மெலிக்யான் எங்கள் அலுவலகத்துக்கு வந்துபோன பதினான்கு மாதங்களில் இதைப் பலவிதமாக யோசித்துப் பார்த்தேன். விடை கிடைக்கவில்லை. அவள் இப்போது இந்த ஊரில் இல்லை. பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் கட்டடத்தில் அவளுடைய அறையில் மடக்கு நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

டேல் ஃப்ரீசன் கான்சஸின் இந்தப் பகுதியில் குடியேற்ற வழக்குகளைப் பார்க்கிற ஒரே வக்கீல். நான் அவரிடம் பத்தொன்பது வருடமாகக் கோப்பு அடுக்குகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் இறைச்சி ஆலைக்காரர்கள். எப்போதாவது ஒரு விஞ்ஞானி வருவார். விஞ்ஞானியிடம் சட்டம் கேட்பது வேறு: உன் துறையில் நீ உச்சியில் இருப்பவள் என்று நிரூபி. பத்து வகைச் சான்றில் குறைந்தது மூன்று வேண்டும். அதற்கு மேல் கடிதங்கள். நண்பர்களோ ஆசிரியர்களோ எழுதினால் எடை குறைவு. "இவரை நான் சந்தித்ததே இல்லை, ஆனால் இவர் வேலையை அறிவேன்" என்று ஓர் அந்நியர் எழுதவேண்டும்.

ஷுஷானிக்குக்கு நாற்பத்தெட்டு வயது. ஆர்மீனியாவிலிருந்து வந்து ஆறாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. வேலை விசா டிசம்பரோடு முடிகிறது. நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்கும் இந்த விண்ணப்பம் நிறைவேறாவிட்டால் வேலையையும், பன்னிரண்டாயிரம் கண்ணாடி ஸ்லைடுகளையும் விட்டுவிட்டுக் கிளம்பவேண்டும். ஸ்லைடு ஒவ்வொன்றிலும் ஓர் ஈ. கோதுமைத் தண்டுக்குள் புழுவாக வாழ்கிற, கொசுவைவிடச் சிறிய ஈ. நம் ஊர் நெல்லில் ஆனைக்கொம்பன் நோயை உண்டாக்குகிற ஈயின் பங்காளி. ஆண் ஈயின் வால் நுனியை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் இது இன்னது என்று சொல்லமுடியும்.

முதல் சந்திப்பில் டேல் அவளிடம், அவளைப் பற்றிச் சொல்லக்கூடியவர்களின் பட்டியல் கேட்டார். அடுத்த வாரம் அரைத் தாளில் ஐந்து பெயர்களோடு வந்தாள்.

"துறைத் தலைவர், சரி. யெரெவான்ல உங்க ஆசிரியர், அவர் கணக்குல வரமாட்டார். ரோஸலியோ யாரு?"

"எங்க கட்டடத்தைக் கூட்டறவர். நான் எத்தனை மணிக்குப் போறேன்னு அவருக்குத்தான் தெரியும்."

"வெர்ன் உன்ரூ, நம்ம வெர்னா? அந்த விவசாயியா?"

"ஆமா."

"கடைசிப் பேரை ஏன் அடிச்சிருக்கீங்க?"

"குபாலெக். செக் நாட்டுக்காரர், பிர்னோல இருக்கார். அவர் எழுதமாட்டார். நான் தப்புன்னு ரெண்டு தடவை அச்சுல போட்டிருக்கார்."

"அப்ப உங்க துறையில வேற யாராவது சொல்லுங்க."

"துறையே நாங்க மூணு பேருதான், டேல். என் ஆசிரியர், குபாலெக், நான்."

டேல் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "எங்க சர்ச்சுல காப்பி போடற கமிட்டியிலயே பதினொரு பேரு."

இங்கு வந்த முதல் கோடையில் அவள் இந்த ஊர்க் கோதுமையில் ஓர் ஈயைக் கண்டு, புதிய இனம் என்று பெயர் வைத்தாள். புதியது அல்ல, ஐரோப்பாவில் எப்போதோ பெயர் வைத்ததுதான் என்று மறுவருடம் குபாலெக் நான்கு வரி எழுதினார். உலகத்தில் அந்த ஈக்கு இருந்த ஒன்பது மாதிரிகளும் அவள் அலமாரியில் இருந்தன. ஸ்லைடுகளை அனுப்புகிறேன், பாருங்கள் என்று அவருக்கு மூன்று முறை எழுதினாள். பதில் வரவில்லை. இன்னொரு கட்டுரையில் அதே நான்கு வரியை மறுபடி அச்சிட்டார்.

வெர்ன் உன்ரூ மட்டும் கேட்காமலே வந்தார். விதைக் கம்பெனி கொடுத்த குறிப்பேட்டில் ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். "டாக்டரம்மா சொன்னாங்க, ஈ அடங்கட்டும், ரெண்டு வாரம் தள்ளி வெதைன்னு. தள்ளி வெதச்சேன். பக்கத்து வயல் படுத்துடுச்சு, என்னுது நிக்குது. இதை விட என்னய்யா சான்று வேணும் அந்த விசா ஆபீசருக்கு?"

"இது ரொம்ப நல்ல கடிதம், வெர்ன். இதைப் போடறதுக்கு அவன் படிவத்துல கட்டம் இல்ல."

"அப்ப அவனை வந்து வயல்ல நிக்கச் சொல்லு."

பொதுவான பூச்சியியல்காரர்கள் நால்வரின் கடிதங்களோடு விண்ணப்பம் போனது. வெர்னின் தாளையும் நான் கடைசியில் சேர்த்தேன். ஐந்து மாதம் கழித்துக் குடியேற்ற அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: இவர் குறிப்பிடும் துறைக்குள்ளிருந்து, இவரோடு தொடர்பில்லாத நிபுணர் எவரும் இவரைப் பற்றிச் சொல்லவில்லை. எண்பத்து நான்கு நாளில் சான்று தரவும்.

"ஒரே ஒரு ஆளுதான் இருக்கார்," என்றார் டேல். "எழுதுங்க."

அறுபது நாள் அவள் எழுதவில்லை. அந்த நாட்களில் மதியம் வந்து என் மேஜைக்கு எதிரே உட்காருவாள். உலர்ந்த ஆப்ரிகாட் பழங்களை ஒரு டப்பாவில் கொண்டுவந்து, எனக்கு இரண்டு எடுத்து வைத்துவிட்டுத் தின்பாள். ஒருநாள், போன நவம்பரில் நன்றி தெரிவிக்கும் விடுமுறைக்கு எங்கே போனாய் என்று கேட்டேன். "கட்டடத்துல ஹீட்டரை நிறுத்திட்டாங்க. கோட்டு போட்டுக்கிட்டு வேலை பார்த்தேன். கை நடுங்கினா ஊசி வழுக்கும், அது ஒண்ணுதான் கஷ்டம்," என்றாள். குறை சொல்கிற குரல் அல்ல அது.

ஒரு திங்கட்கிழமை என் கணினியிலிருந்தே எழுதினாள். ஆறு வரி. வெள்ளிக்கிழமை காலையில் பிர்னோவிலிருந்து கையெழுத்திட்ட கடிதம் வந்துவிட்டது. டேல் அதை நின்றுகொண்டே சத்தமாக வாசித்தார். டாக்டர் மெலிக்யானை நான் சந்தித்ததில்லை. அவரோடு நான்கு வருடமாக அச்சில் மாறுபட்டிருக்கிறேன். அந்த இனத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னதே சரி, நான் சொன்னது தவறு. இந்தக் குழுவில் இன்று அவருடையதைவிடக் கூர்மையான கண் இல்லை, என்னுடையதையும் சேர்த்து.

"எதிராளியே சொல்றான்!" டேல் மேஜையைத் தட்டினார். "இருபத்தாறு வருஷத்துல இப்படி ஒரு கடிதம் என் கைக்கு வந்ததில்ல. இருங்க, பிரோக் வாங்கிட்டு வரேன்." முட்டைக்கோசும் கறியும் அடைத்த ரொட்டி அது. நல்ல நாளில் மட்டும் வாங்குவார்.

அவர் போனபின் ஷுஷானிக் கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

"தேதி என்ன போட்டிருக்கு?"

"வியாழக்கிழமை."

"நான் எழுதினது திங்கள். இல்ல?"

"ஆமா."

"ஸ்லைடு எல்லாம் என்கிட்டதானே இருக்கு. அவர் ஒண்ணைக்கூடப் பாத்ததில்லையே," என்றாள். கடிதத்தை என் மேஜைமேல் வைத்துவிட்டு, "நல்ல மனுஷர்," என்றாள். டேல் கொண்டுவந்த பிரோக்கை முழுதும் சாப்பிட்டாள்.

கெடுவுக்கு ஆறு நாள் இருக்கும்போது கோப்பு தயாரானது. குபாலெக்கின் கடிதத்தை முதல் இணைப்பாக வைத்திருந்தேன். அவள் வந்து, கையெழுத்துப் போடவேண்டிய இடங்களில் போட்டாள். பிறகு அந்த முதல் தாளை உருவி வெளியே வைத்தாள்.

"இது வேண்டாம்."

டேல் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் உட்கார்ந்தார். "ஷுஷானிக், இது இல்லேன்னா இந்தக் கட்டுல ஒண்ணுமே இல்ல. புரியுதா? டிசம்பர்ல நீங்க கிளம்பணும்."

"புரியுது."

"அவர் எழுதினது பொய்யா?"

"இல்ல. நான் சொன்னதுதான் சரி."

"பின்ன என்ன? ஒரு காரணம் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு."

அவள் என் பக்கம் திரும்பினாள். "பக்க எண் எல்லாத்தையும் மாத்தணுமே. உங்களுக்குத்தான் சிரமம்," என்றாள்.

மாற்றினேன். மதியம் காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு நான் தபால் ஆபீசுக்குக் கிளம்பியபோது அவளும் காரில் ஏறிக்கொண்டாள். மடியில் ரொட்டி அளவு மரப்பெட்டி. பிர்னோ முகவரியை முன்பே எழுதி ஒட்டியிருந்தாள்.

"உள்ள என்ன?" என்றான் கவுண்டர்க்காரன்.

"ஈ. ஒன்பது."

"உசுரோடவா?"

"இல்ல."

"அப்பாடா. வேற ஏதாவது உண்டா? கடிதம், கிடிதம்?"

"இல்ல. ஈ மட்டும்தான்," என்றாள். கண்ணாடி உடையாதே என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டு, பெட்டியை அவன் பக்கம் தள்ளினாள்.