மேல்மாடி அண்ணைமாரின் கூழ்

சூரிச் தமிழ்க் கடையில் வாங்கிவந்த, பனங்கிழங்கை உலர்த்தி இடித்த ஒடியல் மாவை நேற்றுத் தண்ணீரில் ஊறவிட்டபோது, அதன் மண் கலந்த கசப்பு வாசனையோடு, இன்று கார்த் தரிப்பிடமாகிவிட்ட எங்கள் எம்மன்புரூக்கே வீட்டின் சமையலறை திரும்பி வந்தது. எண்பதுகளில், இலையுதிர்காலப் பனிமூட்டம் சன்னலை மறைக்கும் ஞாயிறுகளில், ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த மாவை மிச்சம்பிடித்து வைத்து அம்மா கூழ் காய்ச்சுவார். மேல்மாடியில் குடியிருந்த தொழிற்சாலை அண்ணைமார், ஒருவர் மீனும் இன்னொருவர் பூசணிக்காயுமாக, மரப்படிகள் கிறீச்சிட இறங்கிவந்து, பானையைச் சுற்றி நிலத்தில் அமர்ந்து, பனையோலைப் பிளா இல்லாத நாட்டில் தேநீர்க் கோப்பைகளில் ஊதி ஊதிக் குடிப்பார்கள். வீட்டுக்கு மட்டும் அளந்து கூழ் காய்ச்சும் வழக்கம் எங்களிடம் இல்லை.

பிறகு ஒவ்வொருவராக அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு அவர்கள் நாட்டைவிட்டுப் போக, மேல்மாடி வெறுமையானது. அடுத்த இலையுதிர்காலத்திலும் அம்மா அதே பானையைத்தான் அடுப்பில் வைத்தார்.

“மூண்டு பேருக்கு இவ்வளவு பெரிய பானையோ?” என்றார் அப்பா.

“பெடியள் ஆரும் திரும்பி வந்தா என்ன செய்யிறது?”

படிகளில் ஒரு சத்தமும் இல்லை. கூழ் ஆறி, ஆடை படர்ந்து, இறுகிய பின்னும் அம்மா வாசற்கதவைச் சாத்த விடவில்லை.