பெர்னி ஹுடாக்கின் ஒரே ஓட்டு

பெர்னி என்கிற பெர்னடெட் ஹுடாக் பிறந்தபோது அவளுடைய அப்பா ஆண்டி ஹுடாக் இரும்பு வார்ப்படப் பட்டறையில் வேலை பார்த்தார். எங்கள் யங்ஸ்டவுனில் அன்று யார்தான் இரும்பில் வேலை பார்க்கவில்லை? ஊரே புகையைத் தின்று வளர்ந்த ஊர். அவளுக்கு ஒன்பது வயதாகும்போது பட்டறையில் வேலைநிறுத்தம் வந்தது. குளிர்காலம் முழுக்க நீண்டது. அம்மா வயிற்றிலிருந்த பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒரு நாள் காலையில் ஆண்டி ஹுடாக் கம்பெனி லாரியின் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் படுத்துக்கொண்டு, பின்பக்க கேட் வழியாக வேலைக்குப் போய்விட்டார்.

யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தார். சாயங்காலத்துக்குள் பள்ளிக்கூடம் வரை தெரிந்துவிட்டது. கருங்காலி. அந்த ஒரு சொல் அந்த வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்ததுதான், பிறகு எழுந்து போகவே இல்லை.

எங்கள் ஊர்க் கல்யாணங்களில் கேக்கை விடப் பலகார மேசைதான் முக்கியம். அத்தைமார், சித்திமார், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு தட்டு சுட்டுக் கொண்டுவந்து அடுக்குவார்கள். பெர்னியின் அம்மா வால்நட் சுருள் சுட்டால் மூன்று தெரு மணக்கும். அந்தத் தட்டை மேசையிலிருந்து யாரும் எடுத்தெறியவில்லை. ஒருவரும் கை வைக்கவும் இல்லை, அவ்வளவுதான். மற்ற தட்டெல்லாம் துடைத்து வைத்ததுபோலக் காலியாக, ஹுடாக் வீட்டுத் தட்டு மட்டும் கொண்டுவந்தபடியே வீடு திரும்பும். அடிப்பதற்கு இதைவிட மோசமான வழி இருக்கிறதா என்ன?

ஆட யாரும் கூப்பிடாத பெண் கல்யாணத்தில் எங்கே உட்காருவாள்? மேடை ஓரத்தில்தான் உட்கார்ந்தாள். வாத்தியக்காரர்களின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கல்யாணத்தில் டிரம்ஸ்காரர் கேக் வெட்டுவதற்கு முன்பே குடித்துக் கவிழ்ந்துவிட, பதினாறு வயதுப் பெர்னி யாரையும் கேட்காமல் ஏறி உட்கார்ந்து போல்கா என்ற துள்ளல் ஆட்டத் தாளத்தை அடித்தாள். மண்டபமே எழுந்து ஆடியது. ஆடி முடித்து வியர்வையைத் துடைக்கும்போதுதான் அடித்தது யார் என்று பார்த்தார்கள். ஆடிவிட்ட காலை இனி என்ன செய்வது? முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள்.

ஒருவன் மட்டும் உட்காரவில்லை. கார்மைன் டிலூக்கா என்று ஒரு வாயாடி. நல்ல குரல், அதைவிட நல்ல தலைமுடி, இரண்டைப் பற்றியும் அவனுக்கே அபார மதிப்பு. நேரே மேடைக்கு வந்தான்.

"ஏய், நீ ராக் அடிப்பியா?"

"எது வேணும்னாலும் அடிப்பேன். உன்னையும் சேர்த்து."

"அப்ப ஞாயித்துக்கிழமை வந்துரு. எங்ககிட்ட டிரம்ஸ்காரன் இல்ல. இருந்தவன் பட்டாளத்துக்குப் போயிட்டான்."

அப்படித்தான் அவள் அந்தக் குழுவுக்குள் வந்தாள். கிதாருக்கு வெண்டெல் மேஸ். பேசுவதைக் கையால்தான் பேசுவான், அதிலும் குறைவாகத்தான். பாஸ் கிதாருக்கும் ஆர்கனுக்கும் பாவ்லிக் வீட்டு இரட்டையர் ரேயும் ராயும். ஒத்திகை அவர்கள் வீட்டு கராஜில். இரும்பு மில்லில் ராத்திரி ஷிப்டை எங்கள் பக்கம் 'நைட் டர்ன்' என்போம். அதையே குழுவுக்குப் பெயராக வைத்தார்கள். பெர்னியின் அப்பாவைப் பற்றி அந்த கராஜில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதற்காகவே அவர்களுக்காக உயிரையும் கொடுப்பாள் அவள்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம். ஐந்து பேரும் யூனியன் வீட்டுப் பிள்ளைகள், அதனால் எதையும் கூட்டம் போட்டு, தீர்மானம் கொண்டுவந்து, வழிமொழிந்து, ஓட்டெடுத்துத்தான் செய்வார்கள். எந்தப் பாட்டை முதலில் வாசிப்பது, வேனுக்கு என்ன நிறம், வழியில் எந்தக் கடையில் சாப்பிடுவது, எல்லாவற்றுக்கும் ஓட்டு. கையில் எப்போதும் குச்சி இருப்பதால் பெர்னிதான் தலைவர். தட்டிக் கூட்டத்தைத் தொடங்கலாம் அல்லவா? தலைவருக்கு ஓட்டு கிடையாது, இரண்டுக்கு இரண்டு என்று வந்தால் மட்டுமே உண்டு. அப்படி வரவே வராது. பாவ்லிக் இரட்டையர் சேர்ந்தே கை தூக்குவார்கள், அதுவும் பெரும்பாலும் கார்மைன் பக்கம். எத்தனை வருஷம் தலைவராக இருந்தும் பெர்னி ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை.

பிறகு மில்களை மூட ஆரம்பித்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் சொன்னார்கள், அவ்வளவுதான், ஊரின் முதுகெலும்பு முறிந்துவிட்டது. கார்மைனின் அப்பா மில்லில் துணி வைக்கும் தன் லாக்கரைக்கூடத் திறக்காமல் வீட்டுக்கு வந்தார். அந்த லாக்கர் சாவியை வைத்து கார்மைன் ஒரு பாட்டுக் கட்டினான். எந்தப் பூட்டுக்கும் சேராத சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரியும் ஒரு மனிதரைப் பற்றிய பாட்டு. நிதானமாகத்தான் எழுதியிருந்தான். பெர்னி அதற்கு அடியில் போல்காவின் துள்ளலைக் கொடுத்தாள். அழ வந்தவன் ஆடிவிட்டுப் போகிற மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் ஊர் ரேடியோ அதைப் போட்டது. பிட்ஸ்பர்க் போட்டது. கிளீவ்லாந்து போட்டது. பாரிலும் சலவைக் கடையிலும் அந்தப் பாட்டுதான். நியூயார்க்கிலிருந்து ஒரு கம்பெனி ஆளனுப்பி, இசைத்தட்டுப் போட்டு, பாதி நாட்டை வேனில் சுற்றவும் வைத்தது. ஊரில் எல்லாம் போய்விட்டது, ஆனால் நைட் டர்ன் இருக்கிறது என்று நாங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தோம். திரிந்தால் என்ன தப்பு?

அப்போதுதான் பெரிய அழைப்பு வந்தது. கலிபோர்னியாவின் பெரிய குழு ஒன்று நாடு முழுவதும் சுற்றுகிறது. அவர்களுக்கு முன்னால் மேடையேற நைட் டர்ன். முதல் ஊர் கிளீவ்லாந்து, கடல் போன்ற அரங்கம். அதில் நன்றாக வாசித்தால் மிச்ச ஊர்களும் உண்டு, அடுத்த இசைத்தட்டும் உண்டு. இல்லையென்றால் ஒன்றும் இல்லை. கம்பெனி ஆள் விட்லோ இதை வெண்ணெய் தடவிச் சொன்னார், ஆனால் சொல்லிவிட்டார்.

அன்று மதியம் வேன் அரங்கத்தின் தெருவுக்குள் திரும்பியதுமே ராய் பிரேக்கை மிதித்தான். வாசலில் கோரிக்கை அட்டை பிடித்துக்கொண்டு ஆட்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். அரங்கத்தில் துப்புரவு செய்கிறவர்கள், டிக்கெட் கிழிக்கிறவர்கள், சோளப்பொரி விற்கிறவர்கள். அன்று காலையில்தான் வேலைநிறுத்தம் தொடங்கியிருந்தது.

முன்னால் நடந்த ஒரு தாட்டியான பெண்மணி வேன் ஜன்னலுக்கு வந்தாள். டெலோரிஸ் என்று சட்டையில் பெயர் தைத்திருந்தது.

"நீங்கதானே அந்தச் சாவிப் பாட்டு? என் பொண்ணு அதைப் போட்டுப் போட்டு என் காதை ஓட்டையாக்கிட்டா. இன்னைக்கு டிக்கெட்டும் வாங்கி வச்சிருக்கா."

"ரொம்ப சந்தோஷம்க்கா," என்றான் கார்மைன்.

"சந்தோஷந்தான். நான் வெளிய நிக்கிறேன், அவளை உள்ள போன்னு சொல்லவா, போகாதேன்னு சொல்லவா? நீங்க என்ன பண்றீங்கன்னு பாத்துட்டுத்தான் சொல்லணும்." கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. திரும்பிப் போய் வரிசையில் நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

விட்லோ மூச்சிரைக்க ஓடி வந்தார். "இதுக்கெல்லாம் தலையைக் குழப்பிக்காதீங்க. பின்பக்கம் ஒரு கேட் இருக்கு. திரை போட்ட வண்டி ஒண்ணு சொல்லிட்டேன். ஒருத்தர் கண்ணுலயும் பட மாட்டீங்க."

பின்பக்க கேட். பெர்னி குச்சியை எடுத்து முன்சீட்டின் முதுகில் தட்டினாள்.

"கூட்டம். நீங்க கொஞ்சம் இறங்கி நில்லுங்க, விட்லோ சார்."

"உள்ள போய் வாசிக்கணும்னு தீர்மானம் கொண்டு வர்றேன்," என்றான் கார்மைன். "மில்லை மூடினப்ப யூனியன் வந்து என்னத்தக் கிழிச்சுது? எங்கப்பன் சோபாவுல படுத்துக் கூரையப் பாத்துட்டுக் கிடக்கான். யாருடா எங்களுக்காகத் தெருவுல நின்னான்?"

"வழிமொழியறேன்," என்றான் வெண்டெல். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "என்ன பாக்கறீங்க? கறுப்பர்னு எங்கப்பாவை யூனியன் கடைசி வரைக்கும் சூளைப் பக்கத்துல வேகவிட்டுதே தவிர, நல்ல வேலைக்கு ஏத்திவிட்டுதா? அவங்களுக்கு நான் எதுவும் கடன்படல."

அவன் சொன்னதில் பொய்யில்லை.

"நாங்க எதிர்ப்பு," என்றான் ரே. "அந்த வரிசையத் தாண்டி உள்ள போனா எங்கம்மா வீட்டுக்குள்ள விட மாட்டா. செருப்பாலயே அடிப்பா."

"அதுவுமில்லாம," என்றான் ராய், "அந்தப் பாட்டை உள்ள போய் எந்த மூஞ்சியோடடா பாடுவே?"

இரண்டுக்கு இரண்டு.

நால்வரும் பெர்னியைப் பார்த்தார்கள். கார்மைனுக்கு அவள் முகத்திலேயே தெரிந்துவிட்டது போலிருக்கிறது. கோபத்தில் வாய் தவறியது.

"உனக்கென்னடி இது புதுசா? உங்கப்பன் போகாத கேட்டா?"

கராஜில் ஒரு நாளும் பேசப்படாத பேச்சு அது. சொன்ன மறுகணமே கார்மைனின் முகம் சுண்டிப்போனது. வெண்டெல் "டேய்" என்று மட்டும் சொன்னான். பெர்னிக்குக் கண்ணீர் முட்டியது. அவமானத்தில் இல்லை. தார்ப்பாய்க்கு அடியில் படுத்திருந்த அப்பாவை அன்றுதான் முதல் முறையாக அவளால் பார்க்க முடிந்தது. இரும்பு வாடை, குளிர், முழங்காலை மடித்துக்கொண்டு வாட்டசாட்டமான ஒரு மனிதர். வெளியே தன் கூட்டாளிகளின் குரல் கேட்கக் கேட்கப் படுத்திருந்திருப்பார்.

"ஆமா, அவர் போன கேட்டுதான்," என்றாள். "அதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு உங்களைவிட எனக்கு நல்லாத் தெரியும். தலைவர் ஓட்டு, எதிர்ப்பு. தீர்மானம் தோத்துது."

கார்மைன் கதவை ஓங்கி அறைந்துவிட்டு இறங்கினான். தெருவையே சபித்தான், கிளீவ்லாந்தைச் சபித்தான், கடவுளின் சொந்தக்காரர்களைக்கூட விடவில்லை. எல்லாம் முடிந்ததும் தலைமுடியைக் கோதிக்கொண்டு விட்லோவிடம் போனான். அதுதான் கார்மைன். கூட்டத்தில் கடித்துக் குதறுவான், ஓட்டு முடிந்தால் முடிந்ததுதான்.

"நைட் டர்ன் வாசிக்காது, சார்."

"யார் முடிவு பண்ணது?"

"நாங்க அஞ்சு பேரும்," என்றான் கார்மைன்.

ஐந்து பேரும் சாயங்காலம் வரை அந்த வரிசையில் நடந்தார்கள். டெலோரிஸின் மகள் அம்மா பக்கத்தில் நின்று தன் டிக்கெட்டைக் கிழித்தாள். பெரிய குழு அன்று தனியாக வாசித்தது. கம்பெனி அந்த வாரமே நைட் டர்னைக் கைகழுவியது. இன்னும் கொஞ்ச காலம் பார்களில் வாசித்துப் பார்த்தார்கள். பிறகு வெண்டெல் டெட்ராய்ட்டுக்குப் போனான், இரட்டையர் கல்யாணம் செய்துகொண்டார்கள், குழு சத்தமில்லாமல் கலைந்தது. எத்தனையோ ஊரில் எத்தனையோ குழுக்கள் புகழின் உச்சியிலிருந்து விழுந்திருக்கின்றன. எங்கள் ஊர்க் குழு விழவில்லை, தானே இறங்கி வந்தது. இதைச் சொல்லும்போது எங்களுக்குக் குரல் தன்னால் உயர்ந்துவிடும், மன்னிக்க வேண்டும்.

பெர்னிக்குப் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அதைத்தான் ஓட்டினாள். முதல் நாள் காலையில் அவள் சமையலறையில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தாள். ஆண்டி ஹுடாக் மேசையில் உட்கார்ந்திருந்தார். கிளீவ்லாந்து விஷயம் ஊரெல்லாம் பேச்சானபோதும் அவர் மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டார். கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நான் அன்னைக்கு உள்ள போனது தப்புன்னு உலகத்துக்கே சொல்லிட்டே, இல்ல?"

"இல்லப்பா."

"பின்ன? நான் போனேன், நீ போகல. அதுக்கு வேற என்ன அர்த்தம்?"

பெர்னி கோப்பையைத் தொட்டியில் வைத்தாள்.

"உனக்குப் பசிச்ச பிள்ளை ஒண்ணு வீட்டுல இருந்துச்சு, போனே. அந்தப் பிள்ளைக்குத்தான் நீ வயிறு நிறையப் போட்டு வளத்துட்டியேப்பா. நான் எதுக்குப் போகணும்?"

ஆண்டி ஹுடாக் எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, மகளோடு பஸ் நிலையம் வரை எல்லார் கண்ணிலும் படும்படி தெருவின் நடுவில் நடந்து போனார்.