முனவ்வறா ராத்தாவின் சொந்த ஓட்டம்

"யாவாரமா, சும்மாவா?"

காரை நோக்கி யார் வந்தாலும் முனவ்வறா ராத்தா கேட்கும் முதல் கேள்வி இது. ஸலாமுக்குப் பதில் சொன்ன கையோடு கேட்டுவிடுவார். "சும்மா, கல்முனை மட்டும்" என்று இளித்துக்கொண்டு வந்தவர்கள் பஸ் தரிப்பிடத்துக்கு நடக்க வேண்டியதுதான். "யாவாரம்" என்றால் கதவு திறக்கும். ஏறி உட்கார்ந்ததும் மடியில் ஒரு வட்டிலப்பத் தட்டும் ஏறும். பல்லுவலி வந்த சொந்த மச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதுகூட, அதே தெருவில் ஓர் ஓடர் இருந்ததால்தான். மச்சி ஒரு கையால் கன்னத்தையும் மறு கையால் தட்டையும் பிடித்துக்கொண்டு போனார்.

சாய்ந்தமருதில் 'ஸப்னா ஸ்வீட்ஸ்' தெரியாத கலியாண வீடு கிடையாது. மகளின் பெயரை வைத்துப் பதிந்த கடை. போய்ப் பார்த்தால் வளவு மூலையில் ஒரு தகரக் கொட்டில், நாலு அடுப்பு, நடுவில் ராத்தா. தேங்காய்ப்பாலும் முட்டையும் கித்துள் சர்க்கரையும் அவர் கையில் சேர்ந்தால் ஊர் நாக்கைச் சப்புக்கொட்டும். அவித்து இறக்கும்வரை அவர் ராணிதான். கார் வருமுன், ஓட்டோவில் ஏற்றியதும் பிடிக்கும் சனியன். குழிக்குக் குழி "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று தட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனாலும், இறக்கும்போது வட்டிலப்பம் நடுவில் வெடித்துத் தண்ணி விட்டிருக்கும். அந்த வெடிப்பை மறைக்க மேலே கஜு தூவித் தூவியே அவருக்கு வாழ்க்கை வெறுத்துப்போனது.

கல்முனையில் அவருக்குக் கணக்குப் பார்ப்பவர் கேதீஸ்வரன். நாட்டில் நிறுத்தியிருந்த வாகன இறக்குமதி திரும்பத் திறந்த கிழமையே அவர்தான் வழி காட்டினார். "அக்கா, ஒரு கரண்ட் கார் எடுங்க, கடைப் பேரில எடுங்க. தேய்மானத்தை லாபத்தில கழிச்சுப்போட்டு மிச்சத்துக்கு வரி கட்டலாம். ஒண்டு மட்டும், வியாபாரத்துக்கு ஓடினதைத்தான் கழிக்கலாம். சொந்த ஓட்டத்தைச் சேர்க்கப்படாது."

முதல் பாதி காதில் தேனாய் விழுந்தது. இரண்டாம் பாதி நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. "சொந்த ஓட்டத்தைத் தனியாப் பிரிச்சு விடலாம் அக்கா, ஒரு பிழையும் இல்ல" என்று கேதீஸ்வரன் பிறகு தலைகீழாக நின்று சொல்லியும் பலனில்லை.

"உங்களை நம்புறன் தம்பி, என்னைத்தான் நம்பேலா! இண்டைக்கு மீன் வாங்க ஓடுவன், நாளைக்கு மருதாணி வாங்க ஓடுவன், மறுகா எல்லாத்தையும் யாவாரம் எண்டு சொல்லுவன். மறுமையில அல்லாஹ் கேட்டா உங்களையா காட்டுற?"

வட்டியில்லா லீசிங்கில் அந்த வெள்ளைக் கார் வந்து இறங்கிய அன்று ராத்தாவுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. ஐம்பது வயதில் பந்தடி மைதானத்தில் கார் ஓடிப் பழகி, ஒரு கோல் கம்பத்தைச் சாய்த்து, லைசன்ஸும் எடுத்துவிட்டார். "ஆசை அறுபது நாள்" என்று ஊர் சொன்னது. ஊருக்கு என்ன தெரியும்! கார் வழுக்கிக்கொண்டு போகிற சுகத்தில் வட்டிலப்பம் நித்திரையாகிவிடுகிறது. கலியாண வீட்டு வாசலில் மூடியைத் திறந்து, "பாருங்க, ஒரு கீறல் இரிக்கா?" என்று பெண்ணின் உம்மாவிடமும் மாப்பிள்ளையின் உம்மாவிடமும் தனித்தனியாகக் காட்டிவிட்டுத்தான் நகர்வார்.

காருக்குக் கரண்டும் கொட்டிலில்தான். அங்கே கடைக்கென்று தனி மீற்றர். வீட்டுக் கரண்டைக் கார் குடிக்கக் கூடாது, கடைக் கரண்டை வீடு குடிக்கக் கூடாது. ஒருநாள் புருசன் அச்சிமுகம்மது கொட்டிலில் தன் போனைச் செருகிவிட்டார். "உங்கட போனென்ன, வட்டிலப்பம் அவிக்குதா?" என்ற சத்தம் பள்ளிவாசல்வரை கேட்டதாம்.

அச்சிமுகம்மது டிப்போவில் பஸ் சாரதியாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுக்கக் கல்முனை - பொத்துவில் ஓட்டம். இப்போது ராத்தாவின் 'டெலிவரி உதவியாளர்', அதனால் ஏறத் தடையில்லை. பக்கத்து சீற்றில் இருந்துகொண்டு, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்து மிதித்து மிதியடியைத் தேய்த்துவிட்டார். "சத்தமில்லாத வண்டியையும் சண்டையில்லாத வீட்டையும் நம்பேலா" என்பார். ராத்தா தன் பங்குக்கு வீட்டுச் சத்தத்தைக் குறையாமல் பார்த்துக்கொள்கிறார்.

இவ்வளவு கறாரான மனுசிக்கு உள்ளே ஒரேயொரு ஆசை கிடந்து குறுகுறுத்தது: பொத்துவிலுக்கு அடுத்த, வெள்ளைக்காரர் அலைச்சறுக்க வரும் அறுகம்பே கடற்கரை. கலியாணம் முடித்த புதிதில், "உன்னைக் கூட்டிப்போய்க் காட்டுறன் புள்ள" என்று அச்சிமுகம்மது சொன்ன இடம். பிறகு பிள்ளை, சண்டைக்காலம், சுனாமியில் கடல் வந்தது, அடுப்பு. நாள்தோறும் அந்தப் பக்கம் பஸ் விட்டவர் பெண்சாதியை ஒருநாளும் ஏற்றவில்லை. ராத்தா வழியிலுள்ள அக்கரைப்பற்றைத் தாண்டியதே இல்லை. இப்போது கார் இருக்கிறது, ஓடக் கை இருக்கிறது, பக்கத்தில் ஆளும் இருக்கிறார். போக யாவாரம்தான் இல்லை.

இல்லாவிட்டால் உண்டாக்குவது! புருசனின் பழைய கூட்டாளிகள் மூலம் பொத்துவில் பஸ்ஸில் அறுகம்பே தங்குமிடங்களுக்குச் சின்னக் கோப்பைகளில் வட்டிலப்பம் அனுப்பினார், ருசி பார்க்கச் சொல்லி. ராத்தாவுக்கு முன்னால் அவருடைய வட்டிலப்பம் பலதரம் அறுகம்பே பார்த்துவிட்டது. கடைசியில், அங்கே தங்குமிடம் நடத்தும் சீனிமுகம்மது என்பவர், தன் வெள்ளைக்கார விருந்தாளிகளுக்கு மூன்று தட்டு கேட்டார். ராத்தா போனை வைத்துவிட்டுக் கொட்டிலுக்குள் ஒரு சுற்றுச் சுற்றினார். "ஸப்னாட வாப்பா! ஓடர்! அறுகம்பேக்கு ஓடர்!"

அன்று புதுச் சேலை. திருக்கோவில் தாண்டியதும் ராத்தா சிரிக்கத் தொடங்கினார், காரணமே இல்லாமல். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வயல். "அந்தா மயில்! ஆத்தே, இன்னொண்டு!" அச்சிமுகம்மது பிரேக் மிதிக்கவும் மறந்து, வழியில் வந்த ஒவ்வொரு தரிப்பிடத்தையும் தன் சொந்த வளவு மாதிரிக் காட்டிக்கொண்டு வந்தார்.

பொத்துவிலுக்குக் கிட்ட, கோமாரியில் போன் அடித்தது.

"ராத்தா, குறை நினையாதீங்க," என்றார் சீனிமுகம்மது. "அலை சரியில்ல எண்டு வெள்ளைக்காரர் எல்லாரும் காலையிலயே வெலிகமைக்குப் போயிட்டாங்க. இனி வட்டிலப்பம் வேணா."

ராத்தா காரை ஓரங்கட்டினார். சிரிப்பு அப்படியே முகத்தில் காய்ந்தது. யாவாரம் போய்விட்டது, இனி ஒரு முழம் முன்னால் போனாலும் சும்மா போவதுதான்.

அச்சிமுகம்மது மெல்லச் சொன்னார்: "பொத்துவில்ல என்ட கூட்டாளிட சாப்பாட்டுக் கடை இரிக்கி. ஒரு தட்டை அங்க வெப்பம். அப்ப இது யாவாரம்தானே?"

"அது யாவாரமில்ல. போறதுக்கு ஒரு சாட்டு."

"அப்ப திருப்பு புள்ள." குரல் இறங்கிவிட்டது. "நான்தான் அப்பவே பஸ்ஸில ஏத்திக் கூட்டிப் போயிருக்கணும். இவ்வளவு காலமும் என்னத்தைக் கிழிச்சன்."

ராத்தா புருசனைத் திரும்பிப் பார்த்தார். கோபமா, அழுகையா, பாசமா என்று அவருக்கே பிடிபடவில்லை. பிறகு போனை எடுத்து கேதீஸ்வரனுக்கு அடித்தார்.

"தம்பி, நல்லாக் கேளுங்க. கோமாரி வரைக்கும் யாவாரம். இஞ்சருந்து அறுகம்பே போய்த் திரும்பி வாற முழு ஓட்டத்தையும் வெளிய எடுத்துப் போடுங்க!"

"ஏன் அக்கா? அது என்ன ஓட்டம்?"

"சொந்த ஓட்டம்! என்டயும் என்ட மாப்பிளைடயும் சொந்த ஓட்டம்!"

வீதியோரத்து மாடுகள் தலையைத் தூக்கிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினார். அந்தப் பக்கம் கேதீஸ்வரன் சிரித்த சிரிப்பு அச்சிமுகம்மதுக்கே கேட்டது.

இறங்கிப் பின்கதவைத் திறந்து, மூன்றிலும் பெரிய தட்டைத் தூக்கி வந்து பொனட்டில் வைத்தார். மூடியை எடுத்தார். அச்சிமுகம்மது இறங்கி வந்து, கரண்டி ஏதும் இருக்கிறதா என்று தேடினார். எதிரே பொத்துவில் பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. முனவ்வறா ராத்தா சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகி, பிஸ்மில்லாஹ் சொல்லி, வட்டிலப்பத்தின் நட்டநடுவில் மூன்று விரலை இறக்கி ஒரு பிடி அள்ளி, நடுவீதி என்றும் பாராமல் புருசனின் வாயில் வைத்தார்.