ஹருயோ பிடித்த வேகம்

கோபே நகரத்து மலைச்சரிவில் சலவைக்கடை நடத்தும் ஹருயோவுக்கு வயது அறுபத்தொன்பது. பகலெல்லாம் ஊரார் சட்டைகளுக்கு இஸ்திரி போடுவாள். கடை சாத்தியதும் பின்கட்டில் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். 'ஹட்டோபா' என்ற ஜாஸ் ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தவன் கல்யாணமாகி மாமனார் கடையைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டான். அந்தக் காலியிடத்தில் "ஒரு வாரத்துக்கு மட்டும்" என்று இவளை உட்கார வைத்தார்கள். அப்போது அவளுக்கு இருபத்துமூன்று. அந்த ஒரு வாரம் இன்னும் முடிந்தபாடில்லை. பொம்பளைக்கு எதற்கு இந்த அடிதடி என்று கேட்டவர்களெல்லாம் அவள் வாசித்துக் கேட்டபின் வாயை மூடிக்கொண்டார்கள்.

இப்போது பத்தொன்பது வருஷம் கழித்துக் குழு ஒரு புது ஆல்பம் போடுகிறது. பழைய பாட்டைத் தூசு தட்டிப் போடுகிற வேலையே கிடையாது, எட்டுப் பாட்டும் புதுசு. கடைசிப் பாட்டுக்குப் பெயர் 'லிஃப்ட் பழுது'. பியானோ வாசிக்கும் உகாய்தான் குழுவுக்குத் தலைவர். அவர் எழுதியது அது. ஒரு ஆள் பத்து மாடியும் படியேறி ஓடுகிற மாதிரி, நிமிடத்துக்கு நூற்று நாற்பத்தெட்டு தாள அடி. எழுதும்போது மனிதர் தன் வயதை மறந்துவிட்டாரோ என்னவோ!

சிக்கல் என்னவென்றால், ஹருயோவின் வலது மணிக்கட்டு போன வசந்தத்திலிருந்தே மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. வீட்டில் டிக்டிக் என்று வேகம் காட்டும் கருவியை நூற்று நாற்பத்தெட்டில் வைத்து வாசித்துப் பார்த்தாள். ஒரு நிமிடம் ஓடியது. இரண்டாவது நிமிடத்தில் கருவி முன்னால் போய்விட, இவள் பின்தங்கினாள். பாட்டோ ஏழு நிமிடம்.

அன்றைக்கே கணவர் ஷோஸோவிடம் சொல்லிவிட்டாள். "இங்க பாருங்க, என்னால இந்த ரெகார்டு வேகம் கொறஞ்சு இழுபட்டுச்சுன்னு வைங்க, மறுநாளே குச்சியைக் கீழ வெச்சிடுவேன். குழுக்காரங்க யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

"நான் எதுக்குச் சொல்லப்போறேன்?" என்றார் ஷோஸோ. முப்பது வருஷமாக ரகசியம் காப்பாற்றியதே இல்லாத மனிதர் அவர்.

ஒலிப்பதிவு மூன்று நாள். இவர்கள் நாலு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒன்றாகத்தான் வாசிப்பார்கள். தனித்தனியாக வாசித்து ஒட்டவைப்பது இவர்களுக்கு ஆகாது. ஒருவர் சறுக்கினால் நாலு பேரும் முதலிலிருந்து. முதல் நாள் நன்றாகவே போயிற்று. இரண்டாம் நாள் சாப்பாட்டு வேளையில், பேஸ் கிடார் வாசிக்கும் மொரிஷிகே கையில் உருளைக்கிழங்கு கட்லெட்டோடு அவள் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஹரு, நாளைக்கு அந்தக் கடைசிப் பாட்டு... கொஞ்சம் மெதுவாப் பிடியேன். எனக்கு விரல் சரியில்ல."

"பார்க்கலாம்" என்றாள். சாயங்காலம் செகாவா வந்தார். சாக்ஸஃபோன்காரர், வாய்ப்பேச்சில் சூரர். "அந்த மெட்டு நல்லா மூச்சு விட்டு நிக்கணும்மா. வேகமாப் போனா அழகு கெட்டுப்போகும், பாரு." இதற்கும் பார்க்கலாம் என்றாள். மூன்றாம் நாள் காலையில் உகாயே வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, "நூத்து நாப்பத்தெட்டுன்னு தப்பா எழுதிட்டேன் போல. நூத்து இருபது போதும்" என்றாரே, பார்க்கணும்! தன் பாட்டில் ஒரு புள்ளியை மாற்றச் சொன்னால்கூடச் சண்டைக்கு வருகிற ஆள் அவர்.

மூன்று பேர், ஒரே பேச்சு. ஹருயோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராந்தாவுக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"யார்கிட்ட வாயைத் திறந்தீங்க?"

"ஐயோ, சத்தியமா யார்கிட்டயும் இல்ல!"

"மூணு பேரும் என்னைக் குழந்தை மாதிரித் தாங்குறாங்க. அப்புறம் எப்படித் தெரிஞ்சுது?" பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பரிதாபம் மட்டும் அவளுக்கு ஒத்துவராது. மெதுவாக வாசிக்கிற கிழவி என்று பெயர் எடுப்பதைவிடச் சலவைக்கடையோடு நின்றுவிடலாம் என்று நினைத்தாள்.

உள்ளே வந்ததும் வெடித்தாள். "என்னய்யா, ஆளுக்கு ஒரு சாக்கு சொல்லி என்னைக் காப்பாத்துறீங்களா? நாப்பத்தாறு வருஷம் உங்க மூணு பேரையும் நான் இழுத்துக்கிட்டு வந்தேன். இப்ப எனக்குப் பாவம் பார்க்கிறீங்களா?"

மூவரும் திருதிருவென்று விழித்தார்கள்.

"இமானிஷி சான்!" என்று கண்ணாடிக்கு அப்பால் இருந்த ஒலிப்பதிவாளரைக் கூப்பிட்டாள். "நூத்து நாப்பத்தெட்டுல டிக்டிக் சத்தத்தை இவங்க காதுக்கு விடுங்க. நான் வாசிக்கல. இவங்க மூணு பேரும் வாசிக்கட்டும், நான் அங்க உங்க பக்கத்துல உட்கார்ந்து கேக்கறேன். எனக்காகத்தானே மெதுவாப் போகணும்? நான் இல்லாமப் பறந்து காட்டட்டும்!"

இமானிஷிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆனால் ஹருயோ கோபமாக இருக்கும்போது மறுத்துப் பேசுகிற அளவுக்கு அவர் விவரம் கெட்டவர் அல்ல. டிக்டிக்கை விட்டார்.

ஆரம்பித்தார்கள். எட்டு சுற்று வரை ஒழுங்காகப் போயிற்று. ஒன்பதாவதில் உகாயின் இடது கை எங்கேயோ தடுக்கி விழுந்தது. மொரிஷிகே பாதி சுரங்களை விழுங்கினார். செகாவா ஒரு நீளமான வரியின் நடுவில் சாக்ஸை வாயிலிருந்து எடுத்துவிட்டு, நாற்காலியைத் தேடி உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அப்புறம் டிக்டிக் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

ஹருயோ கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். "யோவ், என்னய்யா ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல" என்றார் செகாவா. "டாக்டர் குழாய்ல ஊதச் சொன்னார், ஊதினேன். மூச்சு பாதிதான் இருக்குன்னாரு."

மொரிஷிகே இடது கையை நீட்டினார். சுண்டுவிரல் மடங்கியபடியே இருந்தது. "விரல் சரியில்லன்னு சொன்னேனே. நிஜமாத்தான் சொன்னேன்."

உகாய் தடுக்கி விழுந்த இடது கையை உதறிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இதை ஒருத்தருக்கொருத்தர் சொல்றதுக்கு என்ன கேடு?"

"எப்படிச் சொல்றது ஹரு?" என்றார் உகாய். "இத்தனை வருஷம் கழிச்சு ஒரு ரெகார்டு. என்னால கெட்டுச்சுன்னு ஆயிடக்கூடாதேன்னு..."

ஹருயோ டிரம்ஸ் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "எனக்கு மணிக்கட்டு போயிடுச்சு" என்றாள். "ஒரு நிமிஷத்துக்கு மேல தாங்காது."

"உனக்குமா?" மொரிஷிகே வாயைப் பிளந்தார். "அடிப்பாவி, நீ எங்களை விரட்டப்போறேன்னு ராத்திரி தூக்கமில்லாமக் கிடந்தேனே!"

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. செகாவா மட்டும், "சிரிக்க வைக்காதீங்கடா, மூச்சு வாங்குது" என்று கெஞ்சினார்.

டிக்டிக்கை நிறுத்தச் சொன்னாள் ஹருயோ. இரண்டு குச்சிகளையும் ஒன்றோடொன்று தட்டினாள். உகாய் தலையாட்டினார், செகாவா ஆட்டவில்லை. வேகத்தை இன்னும் கொஞ்சம் இறக்கினாள். செகாவா ஆட்டினார், மொரிஷிகே விரலைப் பார்த்தார். இன்னும் ஒரு இழை இறக்கினாள். இப்போது நாலு பேருக்கும் பொருந்தியது. அந்த இடத்திலிருந்தே பாட்டைத் தொடங்கினாள்.

ஏழு நிமிடப் பாட்டு எட்டரை நிமிடம் போயிற்று. அவசரமே இல்லை. ஒவ்வொரு மாடியிலும் நின்று, மற்றவர் வந்து சேர்ந்தாரா என்று பார்த்துவிட்டு அடுத்த படியில் கால் வைக்கிற பாட்டு அது. வேகத்தில் காணாமல் போயிருந்த மெட்டெல்லாம் துலக்கமாகக் கேட்டது. உகாய்க்கே தான் எழுதியதுதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. முடிந்ததும் இமானிஷி கண்ணாடிக்குப் பின்னால் எழுந்து நின்று கைதட்டினார்.

ஹருயோ மறுபடி வராந்தாவுக்குப் போய்ப் போன் போட்டாள்.

"நீங்க யார்கிட்டயும் சொல்லலியாம். தப்பு என்னுதுதான்."

"அது கிடக்கட்டும்" என்றார் ஷோஸோ. "இழுபட்டுச்சா?"

"நல்லாவே இழுபட்டுச்சு."

ஷோஸோ குரலைத் தாழ்த்தினார். "அப்ப... குச்சியைக் கீழ வெச்சிடுவியா?"

"அதெப்படி வைக்கிறது?" என்றாள் ஹருயோ. "நான் வெச்சிட்டா, இவங்க எந்த வேகத்துல நடக்கணும்னு யார் சொல்றது?"